காவல் வேலையை விட்ட மனைவி: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு குடும்பத்தின் கதை அல்ல. கணவர் ராத்திரியில் போனில் ஆபாசப் படம் பார்ப்பது, மனைவி தூங்காமல் அவரைக் காவல் காப்பது என்று ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பக் காதில் விழுபவற்றைச் சேர்த்து ஒரு தம்பதியாக எழுதியிருக்கிறேன். ஊர், தொழில், வயது எதை வைத்தும் யாரையும் தேட முடியாது, தேடவும் வேண்டாம்.

வந்த காரணம்

மனைவிக்கு வயது 34. கணவருக்கு 38, திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசர். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். மாமியார் வீடு அடுத்த தெருவில். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அந்தப் பெண் முதலில் போனது குடும்ப டாக்டரிடம். தைராய்டு, ரத்தசோகை, இ.சி.ஜி. எல்லாம் பார்த்து எதிலும் குறையில்லை என்றதும் அவர் என்னிடம் அனுப்பினார்.

முதல் சந்திப்பில் தூக்கத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வந்தது. நடுவில் எதற்காக விழிப்பு வருகிறது என்று கேட்டால் பேச்சு நின்றது. அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து ஒரு மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். பால் கணக்கு எழுதும் காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால் அளவுக்குக் கீழே பென்சிலில் பொடிப்பொடியாக இரண்டு எண்கள்: 82/41, 76/70, 90/33. இரவு கணவர் படுக்கும்போது அவருடைய செல்போனில் இருந்த சார்ஜ், காலையில் மீதமிருந்த சார்ஜ்.

"நாப்பதுக்கு மேல எறங்கியிருந்தா அன்னிக்கு ராத்திரி பாத்திருக்காருன்னு அர்த்தமுங்க மேடம்."

மாதக்கணக்கில் இதை எழுதி வந்திருக்கிறார். கணவர் தினமும் அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் தேதி சொல்வார். ஒருநாள்கூட அந்த எண்கள் என்னவென்று கேட்டதில்லையாம்.

எப்படித் தெரிந்தது

மகளின் பாடத்துக்கு ஒரு படம் தேட அப்பாவின் போனை வாங்கியிருக்கிறார்கள். முந்தைய இரவின் பக்கம் அப்படியே திறந்துகொண்டது. "அம்மா, இது என்ன?" என்று குழந்தை போனை நீட்டியிருக்கிறாள். அவள் எவ்வளவு பார்த்தாள் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பிடுங்கி வைத்துவிட்டு, "விளம்பரம் கண்ணு, போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு பெரிய சண்டை. கணவர் முதலில் யாரோ அனுப்பிய லிங்க் என்றார், அப்புறம் அழுதார், அப்புறம் இனி இல்லை என்றார். மறுநாள் காலை கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம், வீட்டுக்கு வந்து மகள் தலையில் கை வைத்து இன்னொரு சத்தியம். சில வாரங்கள் தாங்கியது. மறுபடி பிடிபட்டபோது சண்டையின் திசையே மாறிவிட்டது. பார்த்தது பின்னுக்குப் போய், "பிள்ளை தலையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டீங்களே, அவளுக்கு ஏதாவது ஆனா?" என்பது முன்னுக்கு வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட இருவருக்கும் அந்த நினைப்புத்தான். தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்வதில்லை. அது பழக்கத்தை நிறுத்துவதில்லை. தவறினால் சொல்ல முடியாத அளவுக்குப் பயத்தை ஏற்றி, மறைப்பதை இன்னும் கெட்டிப்படுத்துகிறது.

உதவி கேட்டுப் போன இடங்களும் கைகொடுக்கவில்லை. பெற்ற தாய், "ஆம்பளைக அப்படித்தான், நீ அனுசரிச்சுப் போ கண்ணு" என்றார். மாமியாரிடம் நேரடியாகச் சொல்லாமல் சாடையாகச் சொன்னதற்கு, "நீ சிரிச்ச மொகமா இருந்தா அவன் எதுக்குப் போனை நோண்டறான்" என்று பதில். அன்றிலிருந்து இந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பின்னணி

கணவருக்கு இது கல்லூரி விடுதியில் தொடங்கியது. அப்போது பிரவுசிங் சென்டர், கைமாறும் சி.டி. என்று ஒரு அளவோடு இருந்தது. 2016-ல் டேட்டா மலிவானபிறகு அந்த அளவு போய்விட்டது. வேலையும் அதற்கு வசதியாக அமைந்தது. அமெரிக்க, ஐரோப்பிய பையர்களுக்கு இரவில்தான் மெயில் போகும், பதில் வரும். சாம்பிள் நிராகரிப்பு, கலர் மாறிப்போன லாட், ஷிப்மென்ட் தள்ளிப்போவது என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் போனுடன் உட்கார்ந்திருப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் தம்பதிக்குள் உறவு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மனைவியோடு இருக்கும்போது அவருக்கு விறைப்பு நிலைக்கவில்லை. அதை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் "களைப்பு" என்றார். இவர், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டதால்தான் என்று தானே முடிவு செய்து இரவுச் சாப்பாட்டை விட்டார். ஒருமுறை படத்தில் கண்டது போல ஒன்றை அவர் கேட்க, மனமில்லாமல் சம்மதித்து, பின்பு குளியலறையில் உட்கார்ந்து அழுததை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதிப்பீடு

சிகிச்சை பற்றி யோசிக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். அடி, மிரட்டல், கட்டாய உறவு உண்டா? மனைவியையோ வேறு யாரையோ படம் எடுத்திருக்கிறாரா? கடன், பணம் கட்டிப் பார்த்தல், நேரடித் தொடர்பு உண்டா? குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் பாதையே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அவற்றைத் தேடுவதும் பார்ப்பதும் இறக்கி வைப்பதும் குற்றம். போனில் வைத்திருந்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை. அடிதடியும் இல்லை. பணம் போனதா என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு டைவர்ஸ் குடுப்பாங்களா?" என்பது. கேட்டாரே தவிர வேண்டும் என்று இல்லை. கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர் மனைவி, சாட்டியவர் கணவர். வயது வந்தவர் தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பது மட்டுமே துணைக்குச் செய்யும் கொடுமை ஆகாது என்று நீதிமன்றம் விவாகரத்தை மறுத்தது. ஆனால் துணையையும் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அது கொடுமை, பழக்கம் முற்றி இல்லறக் கடமைகளைக் கெடுத்தால் வழக்குக்கு இடம் உண்டு என்றும் சொன்னது. கட்டாயப்படுத்திப் பார்க்க வைப்பதைக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் புகார்ப் படிவமே பாலியல் வன்முறையின் கீழ் வைத்திருக்கிறது. மேற்கொண்டு வக்கீலிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அதுவரை கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

கணவர் ஐந்து வாரம் கழித்து வந்தார். மனைவி கூட்டி வரவில்லை. "நான் எனக்காகப் போயிட்டிருக்கேன், நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று சொன்னதுதான் அவரை வரவைத்தது என்று நினைக்கிறேன். அவரை நான் பார்க்கவில்லை, சக ஆலோசகர் ஒருவர் பார்த்தார். இருவருக்கும் ஒரே ஆலோசகர் என்றால் கொஞ்ச நாளில் அந்த ஆலோசகர் நீதிபதி ஆகிவிடுவார்.

நோய் என்று பெயர் வைக்கலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை அது ஒரு கோளாறாக ஏற்கிறது. ஆனால் சூதாட்டத்தையும் வீடியோ கேமையும் வைத்திருக்கும் அடிமைப் பழக்கங்களின் வரிசையில் இதை வைக்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் கீழ் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இல்லவே இல்லை. ஐ.சி.டி.யின் நிபந்தனைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. ஆறு மாதம் அல்லது அதற்கு மேல், நிறுத்த முயன்றும் முடியாமல், வேலையையோ குடும்பத்தையோ உடலையோ பாதிக்க வேண்டும். 'பாவம் செய்கிறேன்' என்ற குற்ற உணர்வு மட்டுமே வேதனையாக இருந்தால் அது போதாது. மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு, தான் அடிமை என்று நடுங்கிக்கொண்டு வரும் இளைஞர்கள் நம் ஊரில் நிறையப் பேர். இவர் அந்த ரகம் இல்லை. இரவு இரண்டு, மூன்று மணி நேரம், காலையில் கம்பெனிக்குத் தாமதம், ஒரு ஷிப்மென்ட் ஆவணம் தவறிப்போய் முதலாளியிடம் வாங்கிய திட்டு, பலமுறை நிறுத்திப் பார்த்துத் தோற்றது என்று எல்லாம் இருந்தன. கூடவே மிதமான மனச்சோர்வு. விறைப்புச் சிக்கலுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொன்னோம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. விடியற்காலை விறைப்பு வழக்கம்போல இருந்ததால் உடல் காரணம் பெரிதாக இல்லை என்று மருத்துவர் கருதினார்.

மனைவியிடம் கண்டது தகவமைவுக் கோளாறு, அதாவது வாழ்க்கையில் விழுந்த அடிக்கு மனம் ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது: பதற்றம், தூக்கக் கெடுதல், அந்தத் திரைக் காட்சி நினைக்காமலே கண்முன் வருவது, எடை குறைவு.

எங்கே முடிச்சு விழுந்தது

இந்த வீட்டில் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. வேலை நெருக்கடி, தனிமை, இரவு, போன், கொஞ்ச நேர நிம்மதி, அப்புறம் அவமானம் என்பது அவருடையது. சந்தேகம், சோதனை, கண்டுபிடிப்பு, சண்டை, மறுபடி சந்தேகம் என்பது இவருடையது. இவர் சோதிக்கச் சோதிக்க அவர் மறைப்பதில் தேறினார். ரகசிய முறைப் பக்கம், பூட்டிய ஃபோல்டர், கடைசியில் இரண்டாவது சிம் வரை போனது. சண்டை முடிந்த இரவுகளில் அவமானம் தாங்காமல் மறுபடி அதையேதான் தேடிப் போனேன் என்று அவரே தன் ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொன்னால், "அப்போ நான் சோதிச்சதுதான் காரணமா?" என்று மனைவி கேட்பார். இவரும் கேட்டார். இல்லை. பழைய சிகிச்சை முறைகளில் இப்படிப்பட்ட மனைவியைக் கூட்டு நோயாளி என்றே பார்த்தார்கள், அவருக்கும் அந்தப் போதையில் ஒரு பங்கு இருப்பதுபோல. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொய் சொல்லப்பட்ட மனிதர் உண்மையைத் தேடுவது இயல்பு. காலண்டரில் எண் எழுதியது, தன் கண்ணைத் தானே நம்புவதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி. ஆனால் அந்த வழி அவருடைய தூக்கத்தைத் தின்றது, கணவரைத் திருத்தவும் இல்லை. நிறுத்துவதற்கு இந்தக் காரணம் போதும்.

மனைவிக்குச் செய்தது

காலண்டரைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. இரவுக் கணக்கை முதலில் விட்டார், காலைக் கணக்கு மட்டும் தொடர்ந்தது. காலையில் ஒரே எண் இருந்தால் கழித்துப் பார்க்க முடியாது, ஆனாலும் எழுதினார். பத்து நாளில் தானாக அலுத்துப்போய்விட்டது. தூக்கத்துக்கு வழக்கமான வேலைகள்தான்: படுக்கும் நேரம், எழும் நேரம், மாலைக்கு மேல் காபி இல்லை. முழித்துக்கொண்டால் கட்டிலில் கிடந்து கணவர் பக்கம் காதை வைக்காமல் எழுந்து போய் கூடத்தில் உட்காருவது.

அதிக நேரம் எடுத்தது எல்லைகளை வகுப்பதற்கு. "இனிமே நீங்க பாக்கக் கூடாது" என்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதை நடத்திக்காட்டும் அதிகாரம் மனைவி கையில் இல்லை; மறுபடி காவல் வேலைக்குத்தான் அது கொண்டுபோய் விடும். தான் என்ன செய்வேன் என்று சொல்வது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. பல வாரம் பேசி, அவரே எழுதியது இவ்வளவு. படுக்கையறைக்குள் யாருடைய போனும் வராது, தன்னுடையதும்தான். தனக்கு மனம் வரும்வரை உறவு கிடையாது, அது தண்டனை அல்ல. கணவர் தவறினால் ஒரு நாளுக்குள் அவராகச் சொல்ல வேண்டும், விவரம் வேண்டாம், நடந்தது என்று சொன்னால் போதும். மறைத்தது தெரிந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் தாய்வீடு. மகள் கைக்குப் பெரியவர்கள் போன் போகாது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதையும் வலியுறுத்தினேன். ஊரெல்லாம் சொல்லத் தேவையில்லை, ஒருவர் போதும். கோவையில் இருக்கும் சித்தி மகளிடம் சொன்னார். அந்த அக்கா புத்தி எதுவும் சொல்லாமல், "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாராம். திருமணத்துக்குப் பின் விட்டுப்போன டேலி கணக்கு வேலையை வீட்டிலிருந்தே பகுதி நேரமாக மறுபடி எடுத்தார். இரவுச் சாப்பாடும் திரும்பி வந்தது.

கணவருக்குச் செய்தது

சுருக்கமாகச் சொல்கிறேன், இந்த ஆய்வு அவரைப் பற்றியது அல்ல. தடுப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டார். ஒரே வாரத்தில் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார். 2015-ல் 857 தளங்களையும் 2018-ல் 827 தளங்களையும் முடக்க அரசே உத்தரவிட்டது, முதல் உத்தரவு ஒரு வாரம்கூட முழுசாக நிற்கவில்லை. வீட்டுக்குள்ளும் அதே கதிதான். தடுப்பு, கை போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. அதன் பாஸ்வேர்டு மனைவியிடம் இருக்கக் கூடாது என்பதில் ஆலோசகர்கள் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், பணிந்தும் போகாமல், வந்திருக்கிறது என்று கவனித்து அது தணியும்வரை உட்காரப் பழகுவதுதான் சிகிச்சையின் நடுப்பகுதி. அமெரிக்காவில் 28 ஆண்களுடன் 2016-ல் வெளியான ஒரு ஆய்வில் இம்முறையில் 12 அமர்வுகளுக்குப் பின் பார்க்கும் நேரம் பெருமளவு குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் கையில் இருப்பதில் நம்பத்தக்கது. இரவு மெயிலுக்கு லேப்டாப், அதுவும் சாப்பாட்டு மேசையில். மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அந்த வகை மாத்திரை பாலியல் உணர்வையும் கொஞ்சம் மந்தமாக்கலாம் என்று முன்கூட்டியே இருவருக்கும் சொல்லப்பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் மனைவி அதையும் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொன்ன நாள்

நான்காம் மாதம் நால்வரும் உட்கார்ந்தோம். மனைவி எழுதி வந்த கேள்விகள் இரண்டு பக்கம். அவற்றை முன்பே என்னோடு உட்கார்ந்து இரண்டாகப் பிரித்திருந்தார்: தெரிந்தால் முடிவெடுக்க உதவுபவை, தெரிந்தால் கண்முன் நின்று வதைப்பவை. எத்தனை வருடம், பணம் கட்டினீர்களா, நேரில் யாராவது, தெரிந்தவர்கள் படம் ஏதாவது, என்னைப் படம் எடுத்தீர்களா என்பவை முதல் வகை. அந்தப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பது இரண்டாம் வகை.

கணவர் குனிந்துகொண்டே பதில் சொன்னார். நேரில் யாரும் இல்லை, படம் எடுக்கவில்லை. பணம் கட்டியிருக்கிறார், மகள் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கிய சேமிப்பிலிருந்து. மனைவி அழவில்லை. "எவ்வளவு?" என்றார். தொகையைக் கேட்டுவிட்டு, "இனி அந்தக் கணக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்றார். அந்த அமர்வில் அவர் அதிகம் பேசியது அதைத்தான்.

பிறகு

தீபாவளிக்கு முந்தைய ஷிப்மென்ட் நெருக்கடியில் கணவர் தவறினார். ஒரு நாளுக்குள் சொல்லவில்லை, மூன்றாம் நாள் சொன்னார். எழுதி வைத்தபடி மனைவி மகளோடு தாய்வீட்டுக்குப் போனார். சத்தம் போடவில்லை, யாருக்கும் போன் போட்டு நியாயம் கேட்கவில்லை. மாமியார் பெரியவர்களைக் கூட்டிப் பேசலாம் என்றபோது, "வேண்டாங்க அத்தை, பத்து நாள்ல வந்துருவேன்" என்று முடித்துக்கொண்டார். பத்தாம் நாள் வந்தார். அடுத்த முறை தவறியபோது கணவர் மறுநாள் காலையிலேயே சொன்னார். அன்று மனைவி தன் பாட்டுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார் என்று கணவர் தன் ஆலோசகரிடம் கொஞ்சம் ஆச்சரியத்தோடு சொல்லியிருக்கிறார். தவறை அவர் மன்னித்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. என்னிடம், "அது அவரு பாத்துக்க வேண்டியதுங்க" என்றார்.

ஓராண்டு முடிவில் நிலைமை: மனைவிக்கு ஆறு மணி நேரத் தூக்கம். கணவர் மாதங்களாகப் பார்க்கவில்லை என்கிறார், அதை உறுதிப்படுத்திக்கொள்ளும் வேலை யாருக்கும் இல்லை. தொடுதல் மெதுவாகத் திரும்பியிருக்கிறது, மனைவி வேண்டாம் என்றால் அதோடு நிற்கிறது. நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டால் பாதி என்கிறார். இரண்டாவது குழந்தை பற்றிய பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். மகளிடம் வயதுக்கேற்றபடி, "நீ அன்னிக்குப் பாத்தது பெரியவங்களுக்கானது, உன் மேல தப்பு இல்லை, இனி அப்படி எதைப் பாத்தாலும் எங்ககிட்டச் சொல்லு" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அவள், "அது விளம்பரம் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாளாம்.

இந்த நிகழ்வில் மனைவிக்குக் கொஞ்சம் வருமானம் இருந்தது, போவதற்குத் தாய்வீடு இருந்தது, கணவர் கை ஓங்கவில்லை. இவை இல்லாத இடத்தில் இதே வரிசையைப் பின்பற்ற முடியாது. கட்டாயமோ அடியோ இருந்தால் எல்லை வகுக்கும் பேச்சுக்கு முன் பாதுகாப்பு; பெண்கள் உதவி எண் 181. இரவில் பேச யாரும் இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் எடுக்கிறது. திரைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் ஒன்று இயங்குகிறது. கணவர் வர மறுத்தால் மனைவி மட்டும் வரலாம், இந்த வீட்டிலும் முதல் ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது.